கழுத்தையும் மணிக்கட்டையும் தனியாக விடுங்கள்: 28 மி.மீ. மினியேச்சர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசைப் போர் விளையாட்டுக்கான இடைக்காலப் போர்வீரர் பொம்மைகளை 28 மி.மீ. அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒட்டிக் கட்டும் துண்டுகளாக (கிட்) விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் பெட்டிகளை வாங்குவோரில் ஒரு கூட்டம் அட்டைப்படத்தில் இருக்கும் படையைக் கட்டுவதே இல்லை. பெர்ரி மினியேச்சர்ஸின் ரோஜாப் போர்க்கால (15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போர்) காலாட்படைப் பெட்டியிலிருந்து 40 உடல்களை எடுத்து, ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற கற்பனை உலக விளையாட்டின் நோல் (கழுதைப்புலி மனிதர்) பெட்டியிலிருந்து தலைகளை எடுத்து, கேடயங்களை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து, எந்த வரலாற்றிலும் இல்லாத ஒரு சதுப்புநிலக் கோமகனுக்குப் படை திரட்டுகிறவர்கள் நாங்கள். பல கிட்களின் துண்டுகளைக் கலந்து ஒட்டும் கிட்-பேஷ் செய்கிறவர்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தலையைக் கழுத்தோடும், கையை மணிக்கட்டுக்குப் பக்கத்திலும் பிரித்து வார்த்துத் தாருங்கள்.

ஏன் தலை? ஒரு மீட்டர் தள்ளி நின்று விளையாட்டு மேசையைப் பார்ப்பவருக்கு ஒரு படையின் அடையாளம் தெரிவது மூன்று இடங்களில்: தலை, கேடயம், ஆயுதத்தின் வெளிவடிவம். உள்ளே போட்டிருக்கும் பஞ்சு அங்கி எந்த நூற்றாண்டு என்று அங்கிருந்து யாருக்கும் தெரியாது. காலாள், வில்லாளி, குதிரைவீரன் மூவருக்கும் ஒரே வகைத் தலை இருந்தால் அது ஒரே நாட்டுப் படை. குதிரைப்படை கிட்டில் மட்டும் தலை உடம்போடு ஒட்டி வந்துவிட்டால், அந்தப் பன்னிரண்டு பேரும் கடைசிவரை கூலிப்படையாகவே தெரிவார்கள்.

சமீபத்திய சில கிட்களில் உடலை எங்கே பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி முகம் மார்போடு, மீதி தலைக்கவசம் மேலங்கியோடு, இடது தோள் கேடயத்தோடு. இணைப்புக் கோடு கண்ணில் படக்கூடாது என்பது நோக்கம். அட்டையில் உள்ளபடி கட்டினால் அழகாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலையை எடுக்க வேண்டுமானால் ரம்பம் போட வேண்டும். நிப்பர் (வெட்டுக் குறடு) வைத்தால் கழுத்துப்பட்டை நசுங்கும். ரம்பத்தின் வாய் அகலத்துக்குக் கழுத்து குறையும். மோவாய் மார்பில் ஒட்டியே வார்க்கப்பட்டிருந்தால், தலையை எடுத்த பிறகு அங்கே தெரிவது மொட்டைப் பிளாஸ்டிக். இல்லாத கொக்கியையும் தையலையும் நாங்கள்தான் செதுக்க வேண்டும். இரு பாதி எஃகு அச்சில் உட்குடைவு வார்க்க முடியாது, அதனால் எப்படியும் கைகளைப் பிரித்தாக வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். பிரிப்பதுதான் பிரிக்கிறீர்கள், உடற்கூறு எங்கே பிரிகிறதோ அங்கே பிரியுங்கள் என்கிறோம்.

தனித்தலை இருந்தாலும் வேலை சும்மா முடிவதில்லை. மனிதத் தலை கழுத்தின் மேல் நேராக உட்காரும்; கழுதைப்புலித் தலை முன்னால் நீண்டு வரும். அதே குழியில் அப்படியே ஒட்டினால் கழுத்து நீண்டு, மூக்கு வானத்தைப் பார்க்கும். கழுத்துக் குழியை முதலில் 2 மி.மீ., பிறகு 3 மி.மீ. துளையிடும் பிட்டால் கையாலேயே சுற்றி அகலப்படுத்த வேண்டும். மின்துரப்பணம் வைத்தால் பிளாஸ்டிக் உருகிச் சுற்றிக்கொள்ளும். தலையின் அடியைச் சாய்வாக, முன்பக்கம் அதிகமும் பின்பக்கம் குறைவுமாகச் சீவ வேண்டும். இங்கே பலர் சறுக்குவது வரிசையில்: தலையை ஒட்டிவிட்டுக் கைக்குப் போகிறார்கள். ஈட்டியை ஓங்கிய தோள் மூக்கில் இடிக்கும். கைகளை முதலில் ஒட்டி, தலையைப் புளூ-டாக்கில் (ஒட்டி எடுக்கக்கூடிய பசைக்களிமண்) வைத்துப் பார்த்து, எங்கே திரும்புகிறது என்று முடிவான பிறகே பிளாஸ்டிக் சிமென்ட், அதாவது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை.

மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட்டைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். அதிகமானால் கழுத்தோரப் பின்னல் கவசத்தின் வளையங்கள் கரைந்து மழுங்கிவிடும். ஸ்ப்ரூ (துண்டுகள் வார்த்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டுகளைச் சிமென்ட்டில் ஓரிரவு ஊறவைத்த குழம்பு சின்ன இடைவெளிகளை அடைக்கும். கரைப்பான் ஆவியாகும்போது அது சுருங்கும் என்பதால் இரண்டு பூச்சு வேண்டும். 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி என்றால் கிரீன் ஸ்டஃப்தான்: மஞ்சள், நீலம் என்ற இரண்டு பாகங்களைப் பிசைந்தால் இறுகும் எபாக்சி புட்டி. நாடாவாக வரும் வகையில் மஞ்சளும் நீலமும் ஒட்டியிருக்கும் நடுக்கோட்டை வெட்டி எறிந்துவிட்டுப் பிசைய வேண்டும். அங்கே ஏற்கெனவே இறுகிய துகள்கள் இருக்கும். பிடரி மயிர் கீறும்போது ஒவ்வொன்றும் கட்டியாகத் தட்டும். பிசைந்து அரைமணி நேரம் கழித்து, ஈரமான கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் கீறினால் மயிர்க்கோடு நிற்கும். உடனே கீறினால் ஒட்டிக்கொண்டு இழுபடும்.

மணிக்கட்டு விஷயம் இதைவிட எளிது. வரலாற்று கிட்களின் கைகள் மெலிந்தவை, கற்பனை உலக கிட்களின் கைகள் தடித்தவை. தோளோடு கையை மாற்றினால் ஆள் கோணலாகத் தெரிவான். கையுறை விளிம்பில் வெட்டி மாற்றினால் அளவு வேறுபாடு கண்ணில் படாது. அதற்கு ஒவ்வொரு கையிலும் தெளிவான ஒரு விளிம்பு, சட்டைக்கை மடிப்போ கவசத்தின் வாயோ, வார்த்திருந்தால் போதும். ஈட்டிக்காரர்களுக்குத் துளையுள்ள வெறுங்கை கொடுத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் ஈட்டிக் காம்பு பெட்டியிலேயே வளைகிறது, 1 மி.மீ. பித்தளைக் கம்பி வளையாது. மூடிய முஷ்டியில் இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திப்பது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே பத்தில் சில உடையும் வேலை.

பெட்டியின் மேல் வெறுமனே பிளாஸ்டிக் என்று போடாதீர்கள். பாலிஸ்டைரீனா, பிவிசி சார்ந்ததா, ரெசினா என்று எழுதுங்கள். பாலிஸ்டைரீனைச் சிமென்ட் கரைத்து ஒன்றாக்கும். மற்றவற்றுக்குச் சூப்பர் க்ளூ, கனமான துண்டானால் உள்ளே ஒரு கம்பியும் வேண்டும். இது தெரியாமல் ஒட்டிய தலை, வண்ணம் பூசி முடித்த பிறகு மேசையில் உருளும்.

ஃப்ராஸ்ட்கிரேவ் படைவீரர் பெட்டியில் ஐந்து பேருக்கான ஸ்ப்ரூ நான்கு. எங்களுக்குப் பல நேரம் ஒன்றுதான் தேவை. ஒற்றை ஸ்ப்ரூவாகவும் விற்கும் நிறுவனங்கள் உங்களில் உண்டு, அவர்களுக்கு நன்றி; மற்றவர்களும் யோசிக்கலாம். குறைந்தபட்சம் ஸ்ப்ரூவின் இரு பக்கப் படத்தையும், பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து எடுத்து வெளியிடுங்கள். 28 மி.மீ. என்பதை ஒருவர் கண்வரை அளக்கிறார், இன்னொருவர் உச்சந்தலைவரை அளக்கிறார். அந்த எண்ணை நம்பித் தலை வாங்க முடியாது. அளவுகோல் பக்கத்தில் இருந்தால் கழுத்தின் அகலத்தைப் பார்த்து வாங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளைக் கலந்து படை கட்டும் சிலர்