அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் கசிவு தொடங்குகிறது

பிரசவ வார்டுகளை நடத்தும் சுகாதார அதிகாரிகளுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். தாய் நலம் என்று எழுதி நீங்கள் டிஸ்சார்ஜ் செய்த பெண்களைப் பற்றித்தான் இந்த மடல்.

குழந்தையின் தலை இடுப்பெலும்பைத் தாண்டி இறங்க முடியாமல் மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, தலைக்கும் எலும்புக்கும் நடுவே சிறுநீர்ப்பையும் பிறப்புவழியின் சுவரும் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடத்துச் சதை செத்துப்போகிறது. ஆனால் அன்றைக்கே ஓட்டை விழாது. செத்த சதை உதிர்வதற்குப் பெரும்பாலும் 3 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் அவள் வீட்டில் இருப்பாள், பல நேரம் குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு. ஒரு நாள் விடியும்போது படுக்கை நனைந்திருக்கும், அப்புறம் சிறுநீர் நிற்கவே நிற்காது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே விழுந்த இந்த ஓட்டைதான் ஃபிஸ்டுலா. உங்கள் பதிவேட்டிலோ அவள் நலமாகப் போனவள்!

பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று அவ்வப்போது குறித்துக்கொண்டே வர வேண்டிய பார்ட்டோகிராஃப் தாளை, பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப் படிவமே கொடுத்துவிட்டது. ஆனால் ஒரு நர்ஸ் தலையில் அத்தனை கட்டில்களையும் கட்டிவிட்டு, எந்தப் படிவத்தைக் கொடுத்து என்ன பயன்? ஆள் போடுங்கள். பிரசவம் முன்னேறவில்லை என்று தெரிந்த நேரத்தில் சிசேரியன் செய்ய வழி இருந்தால், கர்ப்பப்பை கிழிவது, கடும் ரத்தப்போக்கு, தொற்று எல்லாவற்றையும் பெருமளவு தடுக்கலாம்.

சரி, தாமதம் நடந்தே விட்டது, சிசேரியனும் முடிந்துவிட்டது என்றால்கூட ஒன்று செய்யலாம். சிறுநீர் வடிவதற்காக வைத்த குழாயை (கதீட்டர்) அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். சிறுநீர்ப்பை காலியாகவே இருந்தால் நசுங்கிய சதை ஆற நேரம் கிடைக்கிறது. புதிதாக விழுந்த சின்ன ஓட்டைகூடச் சில வாரம் குழாயோடு இருந்தால் ஆபரேஷன் இல்லாமலே மூடிக்கொள்வதுண்டு. பெரிய ஓட்டையையும் தைத்துச் சரிசெய்ய முடியும். டாக்டர் கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவர் டாக்டர் ரெஜினால்டும் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தது 1974இல். இத்தனை வருடம் கழித்தும் தனக்கு வந்தது சாபம் என்று ஒரு பெண் நம்பி ஒதுங்கிக் கிடந்தால், அவளிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் நீண்டு இழுத்த பிரசவம் ஒவ்வொன்றுக்கும், இரண்டு வாரத்துக்குள் அந்தப் பெண்ணை ஒரு நர்ஸ் நேரில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குடும்பத்தாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சிறுநீர் கசிகிறதா, நரம்பும் நசுங்கியதால் நடக்கும்போது கால் இழுக்கிறதா என்று அந்த நர்ஸ் வாய்விட்டுக் கேட்கட்டும். கூச்சத்தில் அவளாகச் சொல்ல மாட்டாள்.