ஜன்னலை மூடிராத

மாப்ள,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதல, கோவிச்சுக்காத. வீட்ல எல்லாரும் சுகம். அம்மா உன்னை ரெண்டு தடவை கேட்டாச்சு. நீ நைட் ஷிஃப்ட்டுக்கு மாறிட்டன்னு கேள்விப்பட்டதும் இதை உடனே சொல்லணும்னு தோணிச்சு.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை. எஸ்எஸ்ஹெச்ல (தூரத்து கம்ப்யூட்டருக்குள்ள நெட் வழியா நுழையற வழி) சர்வருக்குள்ள போய் டேட்டாபேஸ் மாத்துற ஸ்கிரிப்டை ஓடவிட்டிருந்தேன். சரசரன்னு வரி ஓடிட்டு இருந்த டெர்மினல், அதான் கட்டளை அடிக்கிற ஜன்னல், சட்டுன்னு நின்னுபோச்சு. எதைத் தட்டினாலும் ஒரு எழுத்து விழல. நெட் போயிருச்சுன்னு நெனச்சு ஜன்னலை மூடிட்டேன். மூடினதும் கனெக்‌ஷன் அறுந்து, அந்தப் பக்கம் 'லைன் போச்சு'ங்கிற ஹேங்கப் சிக்னல் போய், ஸ்கிரிப்டும் பாதியிலேயே செத்துருச்சு. பாதி டேபிள் புதுசு, பாதி பழசு. பேக்கப்ல இருந்து எல்லாத்தையும் மீட்டு முடிக்கறப்போ பால்காரர் மணி அடிச்சார்.

நெட் போகவே இல்ல மாப்ள! பக்கத்து எடிட்டர்ல குறிப்பு எழுதிட்டிருந்தேன். அதை சேவ் பண்றதா நெனச்சு டெர்மினல்ல கண்ட்ரோல்-எஸ் அடிச்சிருக்கேன். டெலிடைப் (கம்பி வழியா எழுத்து அனுப்பின தட்டச்சு மெஷின்) காலத்துல, எதிர்முனைகிட்ட 'கொஞ்சம் நிறுத்து'ன்னு சொல்ல வச்ச ஏற்பாடு அது, இன்னிக்கும் டெர்மினலுக்குள்ள உயிரோட இருக்கு. கண்ட்ரோல்-க்யூ ஒண்ணு தட்டியிருந்தா விட்ட இடத்துல இருந்து ஓடியிருக்கும். லேப் அண்ணன் "முதல்ல கீபோர்டுல இருந்து கையை எடு"ம்பாரே, அன்னிக்குச் சிரிச்சோம்.

அதனால உறைஞ்சா முதல்ல கண்ட்ரோல்-க்யூ. அசையலன்னா வேற ஜன்னல் திறந்து அதே சர்வருக்குப் போ. பிஎஸ் (ps, ஓடுற வேலைகளைக் காட்டுற கட்டளை) அடிச்சு வேலை ஓடுதான்னு பாரு. லைன் செத்தது உறுதின்னா மட்டும் என்டர், டில்டா (~), புள்ளி (.): மூணையும் வரிசையா தட்டினா எஸ்எஸ்ஹெச் தானே விட்டுரும்.

டீ குடிச்சிட்டு வந்தா டெர்மினல் செத்துக் கிடக்குமே, அது வேற நோய். நடுவுல இருக்கிற ரவுட்டர் சும்மா கிடக்கிற கனெக்‌ஷனை மறந்துரும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைல்ல சர்வர்-அலைவ்-இன்டர்வல் (ServerAliveInterval) 60னு போடு, நிமிஷத்துக்கொருதரம் அதுவே குரல் கொடுத்துக்கும்.

எல்லாத்துக்கும் மேல, நீளமான வேலைன்னா டீமக்ஸுக்குள்ள (tmux, சர்வர்லயே டெர்மினலை உயிரோட வச்சிருக்கிற புரோகிராம்) ஓட்டு. ஜன்னல் போனாலும் வேலை சர்வர்ல நடக்கும், திரும்பப் போய் ஒட்டிக்கலாம். ராத்திரி மூணு மணிக்குப் பக்கத்துல கேக்க ஆள் இருக்காது, அதான் எனக்குக் கவலை.

உங்க சர்வர்ல டீமக்ஸ் இருக்கான்னு இன்னிக்கே பாத்துச் சொல்லு.

உன்
மாப்ள