செயலாளரின் ஆண்டறிக்கை: வடிகாலில் போன மண்ணும் உரமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வருடம் நம் விவசாயிகள் சங்க வேலையில் முக்கால்வாசி வடிகாலைச் சுற்றியே நடந்தது. முதல் மழைக்கு மறுநாள் வடிகால் முனையில் பிடித்த தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மேஜையில் வைத்தோமே, நினைவிருக்கும். இரண்டு நாள் ஆகியும் முழுசாகத் தெளியவில்லை, அடியில் தங்கிய வண்டலை விரலில் தேய்த்தால் மாவு மாதிரி இருந்தது. அது வடிகால் வழியாகக் கடலுக்குப் போகும் நம் வயலின் மேல்மண். அந்தப் பொடி மண்தான் கடலில் வெகுதூரம் மிதந்து போய் வெளிச்சத்தை மறைக்கிறது, பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு தரும் நுண்பாசிக்கோ வெளிச்சம்தான் உயிர்.

மண்ணைப் பிடிக்க வடிகால் ஓரம் புல் விட்டோம், அறுவடை முடிந்த நிலத்தில் மூடாக்குப் போட்டோம். விளைகிற ஓரத்தைப் புல்லுக்கு விட மனசு வராமல் தயங்கி, கடைசியில் விட்டவர்களுக்குத் தனியாக நன்றி.

ஆனால் புல் மண்ணைப் பிடிக்கிற அளவுக்கு, யூரியா போன்ற உரத்திலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரஜனை, அதாவது நைட்ரேட்டை, பிடிக்காது. தண்ணீர் தெளிவாக ஓடினால் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம், நைட்ரேட் கண்ணுக்கா தெரியும்? அது கடலில் மிதவைப்பாசியைப் பெருக்குகிறது, அந்தப் பாசியைத் தின்றுதான் முட்கிரீட நட்சத்திரமீனின் குஞ்சுகள் பிழைக்கின்றன, அவை வளர்ந்ததும் பவளத்தையே மேய்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்காக 2025-க்குள் கரைந்த நைட்ரஜனை 60 சதவீதமும் பொடி மண்ணை 25 சதவீதமும் குறைக்க இலக்கு வைத்தார்கள். அங்கே நைட்ரஜன் பெரும்பாலும் கரும்பு வயலிலிருந்தும், மண் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் வருகிறது. டையூரான் மாதிரி களைக்கொல்லியும் சேர்ந்தே போகிறது, களையில் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவது போலவே பவளத்தின் பாசியிலும் நிறுத்துகிறது.

ஆக, யூரியாவை மூட்டை பிரிக்கும் இடத்திலேயே குறைத்தால்தான் உண்டு. மண் பரிசோதனை சொல்லும் அளவு, அதையும் தவணை தவணையாகப் பிரித்து, மண்ணுக்குள் போகும்படி. மழை கருக்கட்டி நிற்கும்போது கண்டிப்பாக வேண்டாம். பயிர் வெளுத்துத் தெரிந்தால் கை தானாக மூட்டைக்குப் போகும், எனக்கும் அப்படித்தான், மேலுரம் போட்ட அன்று இரவே கொட்டிய மழையில் எவ்வளவு போனது என்று நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

ஒரு குறை: பரிசோதனை முடிவுகள் அடியுரம் போட்ட பிறகே கைக்கு வந்தன. அதனால் இந்த முறை அறுவடை முடிந்த வாரமே மாதிரி எடுத்துவிடலாம். பைகள் சங்கத்தில் இருக்கின்றன, வயலுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்