கிரிவலப் பாதையில் உதவிய சகோதரிக்கு நன்றி

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நிருதி லிங்கத்தைக் கடந்ததும், சர்க்கரை நோயாளியான என் தாயார் உடல் வியர்த்து, பேச்சுக் குழறிச் சரிந்தபோது, ஓடிவந்து தாங்கிப் பிடித்த சகோதரிக்கு என் மனமார்ந்த நன்றி. சர்க்கரை இறங்கிவிட்டதை உடனே உணர்ந்து, அவரால் விழுங்க முடிகிறதா என்று ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பார்த்த பிறகே, குளுக்கோஸைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினீர்கள். பெயரைக் கேட்டபோது, "அண்ணாமலையாருக்குச் சொல்லுங்கள்" என்று கூறிக் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள்.

அவரே உங்களை அனுப்பினார் என்று தாயார் உறுதியாக நம்புகிறார். நானும் அந்த நேரத்தில் அவரைத்தான் அழைத்தேன். ஆயினும் குளுக்கோஸை முன்யோசனையோடு கொண்டுவந்ததும், உங்கள் வலத்தை நிறுத்திவிட்டு எங்களோடு தரையில் அமர்ந்ததும் உங்கள் மனம் செய்தவை என்பதால், இறைவனுக்குரிய நன்றியைச் சன்னதியில் செலுத்திவிட்டு, உங்களுக்குரியதை இங்கே தனியாகத் தெரிவிக்கிறேன். தாயார் இப்போது நலமாக இருக்கிறார்.