‘முடிஞ்சுது’ என்றால் எது முடிந்தது?

பழவந்தாங்கல்,
சென்னை.

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பாதி நேரம் நீ பேசிவிடுகிறாய், மீதி நேரம் நம் மொட்டை மாடிக்கு மேலே இறங்கும் விமானம் பேசிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

வேலைக்காக விமானத்தில் திறந்து வைத்த பேனலைப் (மூடியைப்) பற்றித் தாளில் எழுதாமல் வாயால் சொன்னதற்கு, அடுத்த ஷிப்ட் ஆள் எல்லோர் முன்னாலும் திட்டினார் என்று போன வாரம் அழுதாய். “சொன்னேனேப்பா, அவரும் தலையாட்டினாரே!” அம்மா உன் கட்சி. நான் அந்த ஆள் கட்சி. கோபித்துக்கொள்ளாதே.

மீனம்பாக்கத்தில் நானும் உன்னைப்போல விமானப் பராமரிப்பு வேலையில் இருந்தபோது நடந்த ஒன்றை வெட்கத்தால் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. விடியற்காலை நாலரை மணி, பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல். தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமல் பிடிக்க, சிவப்பு நாடா தொங்கச் செருகும் லேண்டிங் கியர் பின்களை “எடுத்துட்டியா?” என்று ஹெல்பர் பையனிடம் கத்தினேன். அவன் கட்டைவிரலைக் காட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவன் காதில் விழுந்தது “போட்டுட்டியா?”

விமானத்தைச் சுற்றிப் பார்க்க வந்த கேப்டன், ஆடிக்கொண்டிருந்த சிவப்பு நாடாவைப் பிடித்து, “இது என்ன சார்?” என்றார். மேலே போயிருந்தால் சக்கரம் மடங்கியிருக்காது, திரும்பி வந்து இறங்கியிருப்பார்கள். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு பின்னைக் கையில் கொண்டுவந்து காட்டினால்தான் என் பேனா திறக்கும்.

என்னைக் காப்பாற்றியது அந்தச் சிவப்பு நாடா. 1996 அக்டோபரில் லீமாவில் கிளம்பிய ஏரோபெரு விமானத்தைக் கழுவும்போது உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் போகும் ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள். அது வெள்ளி நிறம். யார் கண்ணிலும் படவில்லை. 70 பேர் போனார்கள்.

உன் விஷயத்துக்கு நெருக்கமானது டெக்சஸில் நடந்தது. 1991 செப்டம்பர் 10 இரவு, கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் பிரேசிலியா விமானம் ஹேங்கரில் நின்றது. வாலின் மேல் இறக்கையில் பனி உடைக்கும் ரப்பர் பூட்டை மாற்ற வேண்டும். இரண்டாம் ஷிப்ட் இன்ஸ்பெக்டர் தானே மேலே ஏறி உதவிசெய்து, வலப்பக்கத்தோடு இடப்பக்கத்தின் மேல்வரிசை ஸ்க்ரூக்களையும் கழற்றிவிட்டார். மூன்றாம் ஷிப்ட் வலப்பக்கத்தை மட்டும் மாற்றி மூடியது. இடப்பக்கம் தொடப்படவே இல்லை என்று நினைத்தார்கள். அவ்வளவு உயரத்தை இருட்டில் யார் பார்ப்பது? மறுநாள் லரேடோவிலிருந்து ஹூஸ்டன் திரும்பும் வழியில் அந்த வால் இறக்கையின் இடப்பக்க முன்விளிம்பு பிய்த்துக்கொண்டு போனது. 14 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. கழற்றித் திரும்பப் போடாத ஸ்க்ரூக்கள் 47.

அந்த இன்ஸ்பெக்டர் குறிப்பு எழுதத்தான் செய்தார், பாப்பா. மூன்றாம் ஷிப்ட் இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வந்து தாளைப் பார்த்தபோது அது காலியாக இருந்தது. இரண்டாம் ஷிப்ட்காரர் எழுதியது அதற்குப் பிறகு. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு பிசைகிறது.

விமானப் பராமரிப்பில் ஆட்கள் தவறுவதற்கான காரணங்களாகக் கார்டன் டுபான்ட் பட்டியலிட்ட பன்னிரண்டையும் நீ பயிற்சியில் படித்திருப்பாய். தகவல் பரிமாறாமைதான் அதில் முதலில் வரும். எங்கள் காலத்தில் பட்டியல் கிடையாது, ‘முடிஞ்சுது’தான் உண்டு. வேலை முடிந்ததா, சொன்னவன் டியூட்டி முடிந்ததா? அதைக் கேட்பதற்குள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு திரிசூலம் ஸ்டேஷனுக்கு நடந்திருப்பான். முடிந்ததை விட்டாலும் விடு, பாதியில் நிற்பதை எழுது. எந்த ஸ்க்ரூ கழற்றியது, எந்தப் பையில் இருக்கிறது என்று எழுது. அடுத்த ஷிப்ட் ஆள் படிக்கும்வரை பக்கத்திலேயே நில்.

உனக்குப் புத்தி சொல்கிற நானே போனில் “இங்க எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவந்தேன். அதனால் இதோ என் ஹேண்டோவர், பாதியில் நிற்பதை ஒப்படைக்கும் குறிப்பு. மோட்டார் காயில் எரிந்து நாலு நாளாகிறது, லாரித் தண்ணீர்தான். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை, வரும் செவ்வாய் ஆபரேஷன். சர்க்கரை கூடியிருப்பதால் ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பழைய பட்டை இன்னும் டிராயரில் கிடக்கிறது, நான் தூக்கிப் போடவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அம்மா உத்தரவு. எழுதியது அவளுக்குத் தெரியாது.

படித்ததும் போன் பண்ணு. “சரிப்பா” என்று வைத்துவிடாதே. என்ன படித்தாய் என்று எனக்குத் திருப்பிச் சொல்லு.

அன்புடன்,
அப்பா