உனக்கும் சேத்து நான் பாடுதேன்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

அக்டோபரில் எங்கள் வீட்டில் நேர்ந்த மரணத்தை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் கூடவே இருந்தீர்கள். வருஷக் கடைசி ஆராதனைக்கு முன்னால் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

முதலில் அந்தப் பெரியம்மாவுக்கு. பெயரைப் போட்டால் வருத்தப்படுவார்கள், அதனால் போடவில்லை. எங்கள் பாளையங்கோட்டைக் கோயிலான ஊசிக்கோபுரத்தில் பெண்கள் பக்கம் பின்வரிசையில் உட்காருகிறவர்கள் என்றால் உங்களில் பலருக்குப் புரிந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்து முதல் ஞாயிறு. மகன் வற்புறுத்தியதால்தான் கோயிலுக்கு வந்தேன். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார முடியவில்லை, பின்னால் போய்விட்டேன். பலகையில் பாட்டு எண் இருந்தது, கையில் பாமாலையும் இருந்தது, ஆனாலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். பெரியம்மா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, எண்ணைப் பார்த்துப் பக்கத்தை எடுத்து, எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். பீடி சுற்றிச் சுற்றித் தடித்துப்போன ஆள்காட்டி விரல் முதல் சரணத்தின்மேல் நின்றது. சரணம் மாறியபோது விரல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும். நடுவில் என் பக்கம் சாய்ந்து, "நீ சும்மா நில்லு தாயி, உனக்கும் சேத்து நான் பாடுதேன்" என்றார்கள்.

அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவில்லை, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் இதேதான். அவர்களுக்கு எண்களைத் தவிர எழுத்து தெரியாது, பாட்டெல்லாம் மனப்பாடம் என்று எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா பிறகுதான் சொன்னார்கள். அப்படியென்றால் அந்தப் புத்தகம் எனக்காக மட்டும் விரிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் கண் நிறைகிறது.

அக்டோபரில் அந்தத் துக்கம் நடந்த பிறகு எனக்கு ஜெபம் வரவே இல்லை. விசுவாசம் விட்டுப்போய்விட்டதோ என்று ராத்திரியில் பயமாக இருக்கும். வேதத்தில், கப்பர்நகூம் ஊரில் கை கால் விளங்காத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்தப் பகுதியைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். படுத்துக்கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக அங்கே எழுதியில்லை. சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். பெரியம்மா பக்கத்தில் நின்ற நாட்களில்தான் இது எனக்கு விளங்கியது. சபை என்னைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய கோயில் இது. தாது வருஷப் பஞ்சத்திலும் கிறிஸ்துமஸ் பண்டிகை வந்திருக்கும், அன்றைக்கும் பாட முடியாமல் எத்தனை பேர் இங்கே நின்றிருப்பார்கள், பக்கத்தில் யார் யார் பாடியிருப்பார்கள்!

பண்டிகையன்று இருட்டோடு ஆராதனைக்கு வந்தபோது, மேய்ப்பர்களிடம் தேவதூதன் சொன்ன "பயப்படாதிருங்கள்" என்ற வார்த்தையை வாசித்தார்கள். சந்தோஷச் செய்திக்கு முன்னால் அந்த வார்த்தைதான் வருகிறது. துக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் ராத்திரியில் வரும் அந்தப் பயம் போய்விட்டது. சமாதானம் என்று வேதம் சொல்வது இதுதான் என்று நம்புகிறேன். கடைசிப் பாட்டில் ஒரு சரணம் நானும் பாடினேன். பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை, என் முழங்கையை மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம், அடக்க நாள் முதல் வாரந்தவறாமல் வந்து ஜெபித்த ஐயரவர்களுக்கும் ஐயரம்மாவுக்கும், கேரல் ரவுண்ட்ஸில் எங்கள் வாசலில் டிரம்மை நிறுத்திவிட்டு மெதுவாகப் பாடிய வாலிபர் ஐக்கிய சங்கத்துத் தம்பிமாருக்கும், துக்க வீட்டில் இந்த வருஷம் எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டோம் என்று தெரிந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்த அக்காமாருக்கும், என் மகனைக் கூப்பிட்டுத் தன் வீட்டு மாடியிலேயே ஸ்டார் கட்ட வைத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. விட்டுப்போன பெயர்கள் நிறைய. ஆண்டவருக்குத் தெரியும்.

இனிமேல் நான் பின்வரிசையில்தான் உட்காரப்போகிறேன். துக்கத்தோடு யார் வந்தாலும் பக்கத்தில் வந்து நில்லுங்கள். பக்கத்தை நான் எடுத்துத் தருகிறேன், பாட முடியாவிட்டால் உங்களுக்கும் சேர்த்து நான் பாடுகிறேன். இதை ஆண்டவருக்குப் பொருத்தனையாகவே சொல்லியிருக்கிறேன்.

பலகாரம் வந்த தூக்குகளும் டப்பாக்களும் கழுவித் துடைத்துத் திண்ணையில் இருக்கின்றன. சிலவற்றில் பெயர் இல்லை. புதுவருஷத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் காப்பியும் குடித்துவிட்டுப் போங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரி