ஸ்டென்சிலுக்கு முன்னால் காசு: டாட்டூ கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் டாட்டூ கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கமுங்க.

என்னை உங்களில் சில பேருக்குத்தான் தெரியும். என் படங்களை நிறையப் பேருக்குத் தெரியும். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

இந்தச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நோட்டும் பேனாவுமாகப் போயிருந்தேன். டீக்கடையில் பக்கத்தில் நின்ற ஒரு தம்பியின் முன்கையில் மயிலைக் காளை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நான் வரைந்தது. அது எங்கள் மாமா தோட்டத்துக் காளை. கட்டுத்தறியில் உரசி உரசி அதற்கு இடக்கொம்பின் நுனி மழுங்கியிருக்கும். தம்பியின் கையில் மழுங்கியிருந்தது வலக்கொம்பு. படத்தைத் தோலில் பதிக்கிற தாளான ஸ்டென்சிலை இடவலம் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியின் மடிப்புக்குள் சின்னதாக ஒரு 'த' போட்டு வைப்பது என் வழக்கம். அதுதான் என் கையெழுத்து. அதையும் தோல் மடிப்பு என்று நினைத்து, ஒரு வளைவு விடாமல், கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிக் குத்தியிருக்கிறார்கள். எடுத்ததுதான் எடுத்தார்கள், என் கையெழுத்தோடு சேர்த்தே எடுத்திருக்கிறார்கள்.

தம்பியிடம் விசாரித்தேன். "நெட்ல இருந்துச்சு, நான் கொஞ்சம் மாத்திக் குடுத்தேன்" என்று கடைக்காரர் சொன்னாராம். டிசைனுக்கென்று தனியாகக் காசும் வாங்கினாராம். தம்பி மேல் எனக்கு வருத்தமே இல்லை. காசும் கொடுத்து வலியும் பொறுத்துக் குத்தியிருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்வது? சட்டை என்றால் கழற்றிக் கொடு என்று கேட்கலாம்.

அந்தக் கடை எது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் இதே காளைக்கு என்னிடம் விலை கேட்டு, 1500 ரூபாய் என்றதும் "ரொம்ப ஜாஸ்தி கண்ணு" என்று சொன்னவர்தான் அவர். விலை ஜாஸ்தி என்றால் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஒரு கடையோடு முடிகிற சங்கதி என்றால் நேரில் போய்ப் பேசியிருப்பேன். உங்களில் எத்தனை பேர் போனில் என் படங்களின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஸ்டென்சில் பேப்பரில் படம் ஏறுவதற்கு முன்னால், அதை வரைந்தவருக்குக் காசு கொடுத்துவிடுங்கள். குத்தி முடித்த பிறகு வேண்டாம், கஸ்டமர் திருப்திப்பட்ட பிறகும் வேண்டாம். முன்னால்.

ஒரு காளையை டாட்டூவுக்கு வரைவதில் என்ன வேலை இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காசுப் பேச்சு வரும்போது மட்டும் எல்லோருக்கும் மறந்துவிடுவதால் சொல்கிறேன். காங்கயம் கன்று பிறக்கும்போது செவ்வண்ணமாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளையாக வளர்ந்ததும் தலை, கழுத்து, திமில், கால்களில் கருமை ஏறும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளுத்துப் போகும். அதனால் எருதின் வெள்ளைக் கழுத்துக்கு மேலே காயடிக்காத பூச்சிக்காளையின் கரிய திமிலை வைத்து வரைந்தால், எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பையன்கூடச் சிரிப்பான். கொம்பு வெளிப்பக்கம் விரிந்து, பின்னால் சாய்ந்து, நுனியில் மறுபடி உள்ளே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் கொஞ்சம் தவறினாலும் வேறு ஜாதி மாடாகிவிடும். இதையெல்லாம் போட்டோவைப் பார்த்து வரைந்துவிட முடியாது. மாட்டுக்கு முன்னால் வெயிலில் நிற்க வேண்டும், அதுவும் நமக்காக நிற்க வேண்டும்.

இது காகிதத்தில் வரைவதற்கு. தோலுக்கு வரைவது இன்னொரு வேலை. மை வருஷம் போகப் போகத் தோலுக்குள் பரவும். நெருக்கமாக இருக்கிற கோடுகள் ஒன்றாகிவிடும். காகிதத்தில் பத்துக் கோடு போட்டுக் காட்டிய மடிப்பைத் தோலில் மூன்று கோட்டில் சொல்ல வேண்டும். கழுத்தின் கருமைக்குள்ளே வெறும் தோல் தெரிய இடம் விட வேண்டும், இல்லையென்றால் அது காளை இல்லை, கறை. முன்கை உருண்டு திரும்புகிற இடத்தில் முகம் கோணாமல் இருக்க உடம்பைக் கொஞ்சம் இழுத்து வரைய வேண்டும். அந்தத் தம்பியின் கையில் இருப்பது வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக நான் 0.1 என்கிற மெல்லிய நுனிப் பேனாவில் இழைத்த படம். அதை அப்படியே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித் தோலில் இறக்கியிருக்கிறார்கள். சில வருஷத்தில் அலைதாடி முழுக்க ஒரே கருப்பாகிவிடும், என் 'த'வும் அதற்குள்ளே மூழ்கிவிடும். என்னிடம் கேட்டிருந்தால் தோலுக்கென்று தனியாக வரைந்து கொடுத்திருப்பேன். 1500 ரூபாய் அதற்குத்தான்.

கேட்காமல் எடுப்பவர்கள் ஒரு ரகம் என்றால், கேட்டு வாங்கிவிட்டுக் காசு தராதவர்கள் இன்னொரு ரகம். "கஸ்டமர் ஃபைனல் பண்ணட்டும்மா, அப்புறம் போட்டு விடறேன்" என்பார்கள். வரைந்து அனுப்புவேன். வாலை மேலே தூக்கச் சொல்வார்கள், தூக்குவேன். கண்ணில் இன்னும் கோபம் வேண்டும் என்பார்கள், ஏற்றுவேன். அப்புறம் "கஸ்டமர் வரலம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்." அந்தக் கஸ்டமர் வராததற்கு என் கை ஏன் கூலி இழக்க வேண்டும்? ஊசிக்கும் மைக்கும் கடை வாடகைக்கும் "கஸ்டமர் வரட்டும்" என்று சொல்ல முடிகிறதா உங்களால்? சில மாதம் கழித்து அதே படம் நோம்பி ஆஃபர் போஸ்டரில் வந்து நிற்கிறது. அதற்கு நான் லைக் வேறு போட வேண்டும்.

கோபத்தைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஏனுங்க, பல்லடத்துக்காரருக்கு எதற்குங்க இத்தனை சிங்கம்? இந்தியாவில் காட்டுச் சிங்கம் இருப்பது குஜராத்தில் மட்டும்தான். நம் ஆனைமலையில் மாநில விலங்கான வரையாடு பாறை மேல் நிற்கிறது. வால்பாறையில் இருவாச்சி பறக்கிறது. கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர்க் காட்டைத் தேவாங்குக்கென்றே 2022இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பர்கூர் மலையில் செம்மறை மாடு, மேச்சேரியில் ஆடு. இவ்வளவையும் விட்டுவிட்டு, கிரீடம் வைத்த சிங்கம், நிலாவைப் பார்த்து ஊளையிடும் ஓநாய். கேட்கிற கஸ்டமரைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்கள் சுவரில் ஒட்டி வைத்திருப்பது அதைத்தானே.

சரி, படம் வரைவது என்றாலே நம் ஊரில் இப்படித்தான். திருப்பூரில் ஒரு டீ சர்ட்டுக்குப் பிரிண்ட் போட்டால் எத்தனை கலரோ அத்தனை ஸ்கிரீனுக்கும் கணக்கு உண்டு, மைக்குக் கணக்கு உண்டு, மெஷின் ஓட்டுபவருக்குக் கூலி உண்டு. படம் போட்டவருக்கு மட்டும் "பேர் வரும் கண்ணு." அந்தப் பேரை எந்த மளிகைக் கடையில் மாற்றுவது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் தனிக் கதை. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு ஜோடிக் காளை, புது வீட்டுச் சுவருக்கு ஒரு மயில், ரேக்ளா வண்டிக்கு ஒரு ஸ்டிக்கர், எல்லாம் "நம்ம புள்ளதானே." இப்போது புதிதாக ஏஐ வேறு. காங்கயம் காளை என்று நான் கேட்டுப் பார்த்தேன், திமிலே இல்லாத ஏதோ ஒரு வெளிநாட்டு எருமை மாதிரி வந்தது. அதையும் குத்திவிட ஒரு கடை இருக்கும், சந்தேகமே இல்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஸ்டென்சிலுக்கு முன்னால் காசு.

"நெட்ல இருக்கறது எல்லாருக்கும் பொதுதானே" என்று சிலர் உண்மையாகவே நினைக்கிறீர்கள். அவர்களுக்காக இது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கையால் வரைந்த படம் கலைப்படைப்புதான். அதில் கலை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விகூடக் கிடையாது. பதிவு செய்திருந்தால்தான் உரிமை என்பதும் சரியில்லை, வரைந்தவுடனே வந்துவிடுகிறது. உரிமையை எழுதிக் கொடுத்தால் அது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். உரிமையை விற்ற பிறகும் "இது நான் வரைந்தது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி வரைந்தவரிடமே இருக்கிறது. தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவு. 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

யாரையும் உள்ளே வைக்க நான் வரவில்லை. கோர்ட்டுக்கு நடக்கிற நேரத்தில் நாலு காளை வரைந்துவிடுவேன். ஒவ்வொரு படத்தையும் பதிவு செய்து வையேன் என்று ஒரு அண்ணன் அக்கறையாகச் சொன்னார். ஒரு ஓவியத்துக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். உங்களில் சிலர் ஒரு டிசைனுக்குத் தருவதும் அதே 500தான். வாங்கி அப்படியே அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு நான் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம்.

"கஸ்டமரே போனில் படத்தைக் காட்டி இதுதான் வேணும்ங்கறார், நாங்க என்ன பண்றது" என்பதும் நியாயமான கேள்விதான். அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் யார் வரைந்தது என்று வரலாம். வந்தால் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். வராவிட்டால் அதைப் பார்த்து அப்படியே எடுக்காமல், உங்கள் கையால் வேறொன்றை வரைந்து கொடுங்கள். உங்களில் நல்ல கைக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கோவையில் ஒரு அக்கா நாய் முகத்துக்குப் போடும் ஷேடிங்கைப் பார்த்துத்தான் மூக்கின் ஈரத்தை எப்படிக் காட்டுவது என்று கற்றுக்கொண்டேன். அவர் கடையில் டிசைன் கூலி தனி, பில்லில் வரைந்தவர் பெயர் தனி. அவர் கடை ஒன்றும் நொடித்துப் போகவில்லை.

எங்கள் அம்மாவைப் பெற்ற அமுச்சி கையில் ஒரு தேளும் ஒரு புள்ளிக் கோலமும் இருக்கின்றன. ஊருக்குள் பச்சை குத்த வந்த குறவர் வீட்டு அம்மா குத்தியது. கூலியாக முறத்தில் கம்பு அளந்து முதலில் வைத்த பிறகுதான் அந்த அம்மா ஊசியையே எடுத்தாராம். பச்சை குத்துவதற்குக் கடன் சொன்னால் புண் ஆறாது என்று அமுச்சி இன்னமும் சொல்லும். இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. முன்னால் காசு என்பது இந்தத் தொழிலுக்கு நான் புதிதாகக் கொண்டுவருகிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

என் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். முன்கை அளவுக்கு ஒரு விலங்கு என்றால் 1500 ரூபாய். முழுக்கைக்கு 4000. வரையத் தொடங்கும்போது பாதி, ஸ்டென்சில் எடுக்குமுன் மீதி. கஸ்டமர் வராமல் போனால் முதல் பாதி என்னுடையது, படம் கடையில் ஏறக்கூடாது. திருத்தம் இரண்டு தடவை இலவசம், மூன்றாவது தடவை கோபம் கூட்டச் சொன்னால் 200 ரூபாய். என் படத்தைப் போஸ்டரில் போட்டால் பெயரையும் போடுங்கள். கஸ்டமரிடம் டிசைன் கூலி என்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்களுக்கும் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் பொறாமை இல்லை.

என்னைப் போலக் கையால் வரைந்து பிழைக்கிறவர்கள் பொள்ளாச்சியில் இருக்கிறார்கள், கோபியில் இருக்கிறார்கள், கல்லூரியில் படித்துக்கொண்டே வரைகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். இரண்டு தடவை ஏமாந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் உங்களுக்கும் அந்தக் கிரீடம் வைத்த சிங்கம்தான்.

ஆடி வந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா, குதிரைச் சந்தை. உங்களுக்கும் அப்போது கூட்டம் இருக்கும், குதிரை கேட்டு வருவார்கள். அதற்குள் நீங்களெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து பேசி, வரைந்தவருக்கு ஸ்டென்சிலுக்கு முன்னால் காசு கொடுக்கும் கடைகள் எவை என்று ஒரு பட்டியல் சொல்லிவிட்டால் எங்களுக்கு வசதியாக இருக்கும். குதிரைப் படங்களை அந்தக் கடைகளுக்கு முதலில் அனுப்புகிறோம். தயவுசெய்து ஆனி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடும் ஆடும் நாயும் வரைந்து பிழைக்கும்,
வெள்ளகோவில் பக்கத்துப் படக்காரி